ஓர் அங்கண மேடு

திருப்பதி நகரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் வீட்டுமனையை இன்றும் அங்கணக் கணக்கில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். 6 அடி நீளமும் 6 அடி அகலமுமாக 36 சதுர அடி கொண்டது அவ்வூர்ப் பக்கத்து அங்கணம். நெல்லூருக்குப் போனால் இதே பெயர் இரட்டிப்புப் பரப்பைக் குறிக்கும் என்பது மனை வாங்குகிறவர்களுக்கு முக்கியமான சங்கதி, நமக்கு அல்ல. ஒரு கட்டிலும் ஒரு பீரோவும் வைத்தால் நிறைந்துபோகிற அந்தச் சிறு பரப்பையே, வீட்டின் கொல்லைப்புறத்தில் 3 அடி அகலமும் 12 அடி நீளமுமாக நீட்டி அமைத்து, சுற்றிலும் கல் பதித்து, உள்ளே நல்ல மண்ணை நிரப்பி உயர்த்திவிட்டால், கொத்தமல்லிக்கும் கீரைக்கும் மிளகாய்க்கும் கடைத்தெருவுக்கு நடக்கிற நடையைப் பெருமளவுக்குக் குறைத்துவிடுகிற ஒரு மேட்டுப்பாத்தி உருவாகிவிடுகிறது. சித்தூர்ச் சீமையில் இந்தக் காரியத்தைச் சிரத்தையாகச் செய்திருக்கிற சில கொல்லைகளைப் பார்த்து ரசித்தவன் என்ற உரிமையில்தான், ஒரு நல்ல மேட்டுப்பாத்தியின் லட்சணங்கள் யாவை என்று சொல்லத் துணிகிறேன்.

அகலத்தைப் பற்றி அதிக வாதத்துக்கு இடமில்லை. பாத்தியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்த ஒருவருடைய கை, தோள்பட்டையை வருத்திக்கொள்ளாமல் ஒன்றரை அடி எட்டும். இரு பக்கத்திலிருந்தும் அவ்வாறு எட்டினால் 3 அடி. அதற்கு மேல் அரை அடி கூட்டிவிட்டால், நடுவில் முளைத்த களையைப் பிடுங்குவதற்கு என்றைக்காவது ஒருநாள் ஒரு காலைப் பாத்திக்குள் வைக்க நேரும். அன்றோடு அந்தப் பாத்தியின் மகத்துவம் போயிற்று. மனிதனுடைய பாதம் படாத மண்ணில் காற்று உலவுவதற்கு இடைவெளி இருக்கிறது, மண்புழு தோண்டிய வழி மூடாமல் இருக்கிறது, வேர் தன் இஷ்டப்படி இறங்குகிறது. மண்வெட்டியால் ஆண்டுதோறும் கொத்திப் புரட்டுகிற பிரயாசையின் பெரும்பகுதி, நாமே மிதித்து இறுக்கியதை நாமே இளக்குகிற வீண் வேலையல்லவா? காலுக்கு ஒரு வழியும் கைக்கு ஓர் இடமும் என்று பிரித்துக் கொடுத்துவிடுவதே மேட்டுப்பாத்தி சாஸ்திரத்தின் முதல் விதி.

வாதமெல்லாம் உயரத்தைப் பற்றித்தான். ஒருவருடைய ரசனையையும் விவேகத்தையும் அளக்க வேண்டுமானால், அவர் தம் பாத்தியை எவ்வளவு உயர்த்தியிருக்கிறார் என்று பார்த்தால் போதும் என்பது என் துணிபு.

குளிர் தேசங்களில் மண்ணை உயர்த்துவது பெரும்பாலும் வெப்பத்துக்காக. பனி உருகிய பின் ஈரம் வடிந்து மண் சீக்கிரம் சூடேறினால் விதைப்பைச் சில வாரம் முன்னதாகவே தொடங்கிவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தைச் சுற்றியிருந்த காய்கறித் தோட்டக்காரர்கள் குதிரைச் சாணத்தைக் கனமாகப் பரப்பி, அது நொதிக்கும் சூட்டிலே குளிர்காலத்திலும் கீரை வளர்த்துப் பெயர் வாங்கினார்கள். மெக்ஸிகோவின் ஸோச்சிமில்கோ ஏரிப் பிரதேசத்தில் சேற்றை வாரி அடுக்கிக் கட்டிய ‘சினாம்பா’ மேடுகளோ வெள்ளத்துக்கு நடுவே கரை தேடிய முயற்சி. நம் தமிழ்நாட்டு வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது வகை புதிதல்ல. கொடி நிற்கிற மேடும் நீர் நிற்கிற பள்ளமும் மாறி மாறி ஓடுகிற அந்த அமைப்பில், வேர் அழுகாமலும் அதே சமயம் ஈரம் விலகாமலும் இருப்பதற்கு மேட்டின் உயரம் மிக நுட்பமாக நிர்ணயிக்கப்பட்டிருக்கும்.

இப்பொழுது சித்தூருக்கும் திருப்பதிக்கும் வருவோம். இங்கே சூடேற்றுவதற்கு உபாயம் தேட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. திருப்பதியின் மே மாதத்தை அனுபவித்தவர்கள் அதற்குச் சாட்சி. சேற்றிலிருந்து தப்பவேண்டிய சதுப்புநிலமும் அல்ல இது. கூழாங்கல்லும் சரளையும் கலந்த செம்மண் காடு. வறண்ட நிலத்தில் பாத்தியைத் தாழ்த்துவதல்லவா முறை, உயர்த்துவானேன் என்று ஒரு கிழவர் கேட்டால், அவர் கேள்வியில் நியாயம் உண்டு. பள்ளப் பாத்தியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் அது அங்கேயே நின்று இறங்கும். மேட்டில் ஊற்றினால் நாலு பக்கமும் காற்று வாங்கிக் காய்ந்துபோகும். ஆகையால் படங்களில் கண்ட இடுப்பளவு மரப்பெட்டிகளை அப்படியே இங்கே கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள், தோட்டம் போடவில்லை. பெரிய பூந்தொட்டி ஒன்றைச் செய்து அதற்கு ஆயுள் முழுதும் தண்ணீர் சுமக்கிற அடிமைச் சீட்டை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். குனிய முடியாத முதியோருக்கு அது வேண்டியதாக இருக்கலாம்; அவர்களைத் தவிர்த்து மற்றவர்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஆனால் கிழவருடைய நியாயம் அரைப் பங்குதான். இந்தச் சீமைக்குத் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஏறத்தாழச் சமபங்காக மழை கொடுக்கின்றன. முன்னது சிக்கனமாகத் தூறிவிட்டுப் போவது. பின்னதோ வங்கக் கடலில் எழுகிற புயல்களின் தோளில் ஏறி வந்து, ஒரே வாரத்தில் தன் வருஷக் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போகிற சுபாவம் உடையது. 2021 நவம்பரில் திருப்பதியின் வீதிகளே ஆறுகளாகி, ஸ்வர்ணமுகி கரை புரண்ட நாட்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, பள்ளப் பாத்தியில் நின்ற கத்தரியும் மிளகாயும் அந்த வாரத்தில் என்ன கதிக்கு ஆளாகியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சரளைக்குக் கீழே பாறை அதிக ஆழத்தில் இல்லாத இடங்களில், இறங்கிய நீருக்குப் போக்கிடமும் இல்லை. எனவே எட்டு மாதம் ஈரத்தைப் பிடித்துவைக்கவும், இரண்டு மாதம் அதை வடித்துவிடவும் ஒரே பாத்தி தெரிந்துகொண்டிருக்க வேண்டும். இந்த இரட்டைக் கடமைக்குப் பொருந்துகிற உயரம் முக்கால் அடியிலிருந்து ஓர் அடி வரை; முழத்தைத் தாண்டுவது ஆடம்பரம்.

அந்த ஓர் அடியும் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எனக்கு மிகவும் பிடித்த அழகு இருக்கிறது. 12 அடி நீளப் பாத்தியின் இரு மருங்கிலும் ஒன்றரை அடி அகலத்தில் நடைவழி விட்டால், இரண்டு வழிகளும் சேர்ந்து 36 சதுர அடி, அதாவது இன்னோர் அங்கணம். அவ்வழிகளை அரை அடி ஆழத்துக்குத் தோண்டி அந்த மண்ணைப் பாத்தியின்மேல் வாரிப் போட்டால், பாத்தி சரியாக அரை அடி உயர்கிறது; வழி அரை அடி தாழ்ந்து பாத்தி அரை அடி எழுந்ததால், வழியில் நிற்பவனுக்கு மேடு ஓர் அடியாகத் தெரிகிறது. வண்டி வைத்து மண் கொண்டுவர வேண்டியதில்லை. அப்பள்ள வழிகளில் காய்ந்த இலையையும் கரும்புச் சோகையையும் நிரப்பிவிட்டால், கோடையில் அவை ஈரத்தைத் தேக்கிப் பக்கவாட்டில் வேருக்கு ஊட்டுகின்றன. நவம்பரில் மிகுந்த நீரை வடித்துக்கொண்டு போகின்றன. கிழவர் கேட்ட பள்ளமும் கிடைத்தது, நமக்கு வேண்டிய மேடும் கிடைத்தது.

குளம் வெட்டுவதும் தோட்டம் போடுவதும் ஒரே காரியம் என்பதற்கு இந்தப் பிரதேசத்தில் மிகப் பழைய பிரமாணம் ஒன்று உண்டு. ஸ்ரீரங்கத்தில் திருவாய்மொழிக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்த ராமாநுஜர், திருவேங்கடமுடையானுக்குப் புஷ்ப கைங்கரியம் செய்யக் குளிரும் தனிமையும் நிறைந்த மலைக்குப் போக யார் சித்தமாயிருக்கிறார்கள் என்று கேட்க, அனந்தாழ்வான் ஒருவர்தாம் எழுந்தார் என்றும், குருவின் வாயால் ஆண்பிள்ளை என்ற பெயர் பெற்று மலையேறினார் என்றும் வைஷ்ணவ ஐதிகம் கூறும். மலைமேல் நந்தவனத்துக்கு நீர் வேண்டுமே என்று அவர் கடப்பாரை பிடித்துக் குளம் தோண்டினார்; கருவுற்றிருந்த அவர் மனைவி கூடையில் மண் சுமந்தாள்; அவளுக்கு உதவ வந்த ஒரு சிறுவனை, தம் கைங்கரியத்தில் பங்குக்கு வந்தான் என்று கோபித்து அவர் கடப்பாரையை வீச, அது மோவாயில் பட்டுச் சிறுவன் மறைந்தான்; கோயிலில் பார்த்தால் பெருமாளின் மோவாயில் உதிரம். இன்றும் மூலவரின் மோவாயில் பச்சைக் கர்ப்பூரம் சாத்துவதற்கு இதையே காரணம் சொல்கிறார்கள். அந்தக் கடப்பாரையென்று ஒன்றைக் கோயிலின் மகாத்துவாரச் சுவரில் மாட்டியிருப்பதை யாத்திரிகர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே உள்ளே போகிறார்கள். பக்தர்கள் இக்கதையில் பகவானுடைய எளிமையைக் காண்பார்கள். கொல்லைப்புறத்து மனிதனாகிய எனக்கோ, மண் சுமந்த அந்த அம்மையார்மீதே கண் போகிறது. தோட்ட வேலையில் கடினமானது தோண்டுவது அல்ல, தோண்டியதைச் சுமப்பது. அதை அறிந்துதான் அந்தச் சிறுவன் குளத்துப் பக்கம் போகாமல் கூடைப் பக்கம் வந்தான் போலும்! அந்த நந்தவனத்துக்கு இன்றும் மரியாதை குறையவில்லை. பிரம்மோற்சவம் முடிந்த மறுநாள், பாக் சவாரி என்ற பெயரில் பெருமாளே அத்தோட்டத்துக்கு எழுந்தருளுகிறார்.

இனிக் கல்லுக்கு வருகிறேன். இந்தச் சீமை மேட்டுப்பாத்தியின் தனிச் சௌந்தரியம் அதன் வரம்புக் கல்லில்தான் இருக்கிறது. மற்ற ஊர்களில் மரப்பலகையைத் தேடுவார்கள். இங்கே மரத்தை வைத்தால் கரையான் நமக்கு முன்பாக அறுவடை செய்துவிடும். கரையான் எளிதில் தொடாத மரம் ஒன்று சேஷாசல மலைக்காடுகளில் விளையத்தான் விளைகிறது. ஆனால் செம்மரத்தில் பாத்தி கட்ட ஆசைப்படுகிறவர், தோட்டம் போடுவதற்குச் சிறைச்சாலைக் கொல்லையைத்தான் தேர்ந்தெடுக்க நேரும். கல்லுக்கோ பஞ்சமே இல்லை. பலமநேர், குப்பம் பக்கத்துச் சாலைகளில் போகும்போது வேலிக்காலாகவும் பந்தற்காலாகவும் நட்டிருக்கிற கருங்கல் தூண்களைப் பார்க்கலாம். பாறையில் வரிசையாகச் சிறு குழிகள் அடித்து, ஆப்புகளை இறக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் மாறி மாறிச் சம்மட்டி போட்டு, பாறை தானே வாய் திறக்கிற வரையில் பொறுமையாகக் காத்திருந்து பிளந்த கற்கள் அவை. பிளந்த ஓரம் நெடுகிலும் அந்த ஆப்புக் குழிகளின் பாதி வடிவம் நின்றுபோயிருக்கும். அவ்வகைத் தூணில் உடைந்துபோன துண்டுகளை மலிவாக வாங்கிவந்து, ஆப்புக் குழி வரிசை வெளிப்புறமாகத் தெரியும்படி படுக்க வைத்துக் கட்டிய வரம்பைப் பார்த்தால், இயந்திரத்தில் அறுத்து வழவழப்பாக்கிய கல்லைத் திரும்பிப் பார்க்க மனம் வராது.

மற்றொரு வகை கடப்பைக் கல். கரிய நிறமும், பாளம் பாளமாகப் பிரியும் இயல்பும் கொண்ட இச்சுண்ணாம்புப் பாறை, தென்னிந்தியச் சமையலறை மேடைகளெல்லாம் அறிந்த பழைய சிநேகிதன். இதைப் படுக்க வைக்காமல் நெட்டுக்குத்தாக நிறுத்தி வரம்பு கட்டினால் இடம் மிச்சமாகிறது. பாத்தியின் கோடும் நூல் பிடித்தாற்போல் நேராக வருகிறது. ஆனால் கனமில்லாத பாளம் ஈர மண்ணின் நெருக்கத்தைத் தாங்காமல் நடுவில் விண்டுபோகும். ஆகவே அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு தரைக்குள் புதைய வேண்டும்; இரண்டு பாளங்கள் சந்திக்கிற இடத்தில் வெளிப்பக்கம் ஒரு முளைக்கல் அணைவாக நிற்க வேண்டும். மேற்கே பார்த்த பாளம் மாலை வெயிலைக் குடித்துவிட்டு இரவு வெகுநேரம் வரையில் சூட்டை விடுவதால், கோடையில் அந்த ஓரத்தில் கொத்தமல்லி போடுவது வீண். கோங்கூரா என்று தெலுங்கர்கள் கொண்டாடுகிற புளிச்சகீரையோ எதையும் பொறுக்கும். கருங்கல்லா, கடப்பைக் கல்லா என்று என்னைக் கேட்டால், நீள வாட்டுக்குக் கடப்பையும், நெருக்கம் அதிகமாகிற நான்கு மூலைகளுக்குக் கருங்கல்லும் என்பேன்.

சிமெண்டுப் பூச்சைப் பற்றி ஒரு வாக்கியம் போதும்: வரம்பில் நீர் கசிய இடமில்லாமல் பூசிவிட்டால், அது தோட்டமல்ல, தொட்டி.

1911-ஆம் வருஷத்தில் வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களை எடுத்துச் சேர்த்து உண்டாக்கியது சித்தூர் ஜில்லா. பிறகு 1960-இல் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போனது போன்ற மாறுதல்கள் நேர்ந்து, சமீபத்தில் 2022-இல் திருப்பதியே தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடுகளின் இந்த இழுபறிகளை மறந்துவிட்டு இங்கத்திய ஒரு பாத்தியை உற்றுப் பார்த்தால், கடப்பைப் பக்கத்துக் கல்லின் நடுவே வட ஆற்காட்டுப் பாணியில் ஏரி வண்டல் நிறைந்திருப்பதைக் காணலாம். கோடையில் ஏரிகள் வற்றியதும் அடிவண்டலை வாரிக்கொண்டு போய்க் கொல்லையில் சேர்ப்பது பழைய வழக்கம். வண்டல் மட்டும் போட்டால் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். செம்மண் மட்டும் போட்டால் தண்ணீர் நிற்காது. இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு வண்டல், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம் என்ற கலவையை ஒரு கைப்பிடி எடுத்து ஈரத்தோடு அழுத்தினால் உருண்டை பிடிக்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதற்கும் முன்பாக அடித்தரையைக் கடப்பாரையால் ஓர் அடிக்கு ஓரிடம் குத்தி நெம்பிவிட வேண்டும். இதைச் செய்யாமல் இறுகிய சரளைமேல் நேராக மண்ணைக் கொட்டுகிறவர்கள் பலர். மழை இறங்கி அந்த இறுக்கத்தின்மேல் தேங்கி, மேலே மேடும் உள்ளே சேறுமாக ஒரு விபரீதம் நிகழும்.

வராகமிகிரர் தம் பிருஹத் சம்ஹிதையில் தோட்ட மண்ணைப் பக்குவம் செய்ய ஒரு வழி சொல்கிறார்: முதலில் எள்ளை விதைத்து, அது பூத்த தறுவாயில் அங்கேயே மடக்கி மிதித்துவிட வேண்டும் என்பது. ஆறாம் நூற்றாண்டு ஜோதிட ஆசிரியர் சொன்ன அந்தப் பசுந்தாள் உரத்தை, புதுப் பாத்தியில் செய்துபார்க்கப் பொறுமை உள்ளவர்கள் குறைவு. மடக்குவதைக் கையால் செய்யலாம். மிதிப்பதை மட்டும் நம் விதிக்கு இணங்க விட்டுவிடலாம். அவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு இப்போது ஆந்திர தேசத்தில் ஜீவாமிர்தம் பிரசித்தமாகியிருக்கிறது. 200 லிட்டர் நீரில் 10 கிலோ பசுஞ்சாணம், கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயற்று மாவு, ஒரு பிடி மண் என்று சுபாஷ் பாலேக்கர் பரப்பிய அந்தப் பாகத்துக்கு வேண்டியவை எல்லாம் இந்தச் சீமையின் சொந்தச் சரக்கு. சித்தூர் வெல்லத்துக்குப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. பசுவுக்கோ புங்கனூர் இருக்கிறது. உலகத்திலேயே மிகக் குள்ளமான மாட்டினங்களில் ஒன்றென்று புகழ் பெற்று, பலமநேர் ஆராய்ச்சி நிலையத்தில் பேணப்படுகிற அந்தச் சிறு பசு, மூன்றடி உயரத்துக்குள் நின்றுகொண்டு ஒரு கொல்லையின் தேவையை நிறைவேற்றிவிடும். ஜீவாமிர்தத்தின் குணம் எவ்வளவு என்பதில் விஞ்ஞானிகளுக்குள் விவாதம் உண்டு. சாணமும் மூடாக்கும் மண்ணுக்கு நல்லவை என்பதில் யாருக்கும் இல்லை. மூடாக்குக்கு இங்கே கடலைத்தோலைப் போல் வாய்ப்பானது வேறில்லை. வேர்க்கடலை விளைகிற ஊரில் அது ஏறக்குறைய இனாம். பரப்பியதும் பாத்திக்கு ஒரு பொன்னிறம் வந்துவிடும்.

பாத்தியின் முதுகைப் பார்த்தே கட்டியவருடைய கைத்திறனைச் சொல்லிவிடலாம். தேர்ந்தவர்கள் அதைப் பருவத்துக்குப் பருவம் மாற்றுகிறார்கள். புரட்டாசி கழிந்ததும் நடுவை உயர்த்தி ஓரங்களைச் சரித்து ஆமை முதுகாக்கிவிடுவார்கள்; புயல் மழை அதன்மேல் தங்காமல் வழுக்கி வழிப் பள்ளத்தில் இறங்கும். மாசி பிறந்ததும் கையாலேயே மண்ணை ஓரத்துக்கு ஒதுக்கி, விளிம்பை இரண்டு விரற்கடை உயர்த்தி, நடுவைத் தாழ்த்திவிடுவார்கள். பூவாளியிலிருந்து விழுகிற ஒவ்வொரு சொட்டும் உள்ளேயே நிற்கும். பெரும்பாலான கொல்லைகளில் வீட்டுப் பெண்களே இதைச் சாயங்காலத்தில் பேச்சுக்கிடையே செய்து முடித்துவிடுகிறார்கள். ஒரு வரைபடமும் ரசமட்டமும் இல்லாமல், மழை எந்தத் திசையில் அடிக்கும் என்ற நினைவை மட்டும் கொண்டு அவர்கள் விரல்கள் மண்ணை ஒதுக்குகிற லாகவத்தைப் பார்ப்பதற்கென்றே அங்கே போய் உட்காரலாம்.

வெயில் விஷயத்தில் மேல்நாட்டுப் புத்தகங்களை நம்பக் கூடாது. பந்தலை வடக்கு ஓரத்தில் போடு என்று அவை சொல்லும். அங்கே சூரியன் எப்பொழுதும் தெற்கே சாய்ந்து நிற்பதால் அது சரி. சித்தூரும் திருப்பதியும் 13 பாகைக்குச் சற்று வடக்கே இருப்பவை. சித்திரை நடுவிலிருந்து ஆடி கடைசி வரையில் உச்சிப்பொழுதில் சூரியன் நம் தலைக்கு வடக்கே அல்லவா போகிறான்? ஆகவே வடக்கு, தெற்கு என்று கவலைப்படுவதைவிட, மாலை வெயிலை மறிக்கும்படி மேற்கு ஓரத்தில் அவரைக்கும் பீர்க்குக்கும் பந்தல் போடுவதே புத்தி. அதன் நிழலில் தண்டுக்கீரையும் கொத்தமல்லியும் பங்குனி வரையில் வாடாமல் நிற்கும். பந்தற்காலைப் பாத்திக்குள் நடாமல் வழியோரத்தில் நட்டிருக்கிறாரா என்பதை நான் எப்பொழுதும் கவனிப்பேன். வழியில் நட்டவர் காலின் இடம் எது, வேரின் இடம் எது என்று தெரிந்தவர்.

கட்டுவதற்கு ஏற்ற காலம் உகாதியை ஒட்டிய நாட்கள். ஏரியில் வண்டல் கிடைக்கும். மழை வருமுன் மண் தானாக அமர்வதற்கு அவகாசம் கிடைக்கும். புதிதாகக் கட்டிய பாத்தி பார்வைக்குக் கம்பீரமாக இருக்குமே தவிர, அதன்மேல் அதிக மோகம் கொள்ள வேண்டியதில்லை. உள்ளே போட்ட இலையும் சோகையும் மக்க மக்க, முதல் வருஷத்துக்குள் அது நாலைந்து விரற்கடை இறங்கிவிடும். இங்கொரு கல் சாயும், அங்கொரு மூலை பிளக்கும். அதைக் கண்டு கலங்கி எல்லாவற்றையும் பிரித்துக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டியதில்லை. சாய்ந்த கல்லின் அடியில் மட்டும் சரளை திணித்து நிமிர்த்திவிட்டு, வழிப் பள்ளத்தில் ஒரு வருஷம் கிடந்து கறுத்து மக்கிய சோகையை வாரி மேலே பரப்பி, பள்ளத்தில் புதுச் சோகை நிரப்பினால் போதும். மூன்றாம் வருஷத்தில் மண்ணுக்குள் கையை விட்டால் மணிக்கட்டு வரையில் தடையின்றி இறங்கும். அந்த நிலைக்கு வந்த பாத்தியில் கத்தரிக்கும் தக்காளிக்கும் குழி எடுக்கக் கொத்துக்கூட வேண்டாம், இரண்டு விரல் போதும்.